டொத்தோரேயின் சப்பாத்து

எங்கள் கதவடி அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சோடி கறுப்புத் தோல் சப்பாத்து இருக்கிறது. என் கணவரின் காலுக்கு அது பெரிது. தூசி தட்டி வைப்பதோடு சரி, ஒருவரும் போடுவதில்லை. எங்கள் ஒழுங்கை முனையில் மருந்துக்கடை வைத்திருந்த டொத்தோரேயினுடையது அது. நாங்கள் வந்து குடியேறிய இந்த ஊரில் மருந்துக்கடைக்காரரையும் டொக்டர் என்று அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மகளுக்குச் சின்ன வயதில் முட்டு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் அந்தக் கடைதான் எங்களுக்கு ஆஸ்பத்திரி. பூட்டியிருந்தாலும் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து ஷட்டரைத் தூக்குவார். அப்படிப்பட்டவர் நகரசபைத் தேர்தலில் நிற்கிறேன் என்றபோது எனக்குச் சந்தேகம் வந்தது. மருந்து நிறுக்கிற கைக்கு மேடையில் என்ன வேலை? ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதையாக இருக்குமோ? சிரிப்புக்கூட மாறியிருந்தது, என்னோடு கதைத்தபடியே என் தோளுக்கு மேலால் அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தார். "வென்றாலும் கடையைப் பூட்டமாட்டேன்" என்று நான் கேட்காமலே சொன்னார். கேட்காமல் வருகிற வாக்குறுதியை நான் நம்புவதில்லை.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு எங்கள் தமிழ்ச் சனம் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில் இருக்கிற மலைக்கு நேர்த்திக்கு ஏறியது. வேதக்காரர், சைவக்காரர் எல்லாரும்தான். டொத்தோரேயும் தன்னைப் படம் பிடிக்க ஒரு படக்காரனுடன் வந்து, சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். படக்காரன் போனதும் திருப்பிக் கேட்பார் என்று, வளைவுக்கு வளைவு அவர் காலையே பார்த்தபடி ஏறினேன். படக்காரன் பாதி வழியில் திரும்பிவிட்டான். டொத்தோரே கேட்கவில்லை. குதியில் இரத்தம் கசியக் கசிய உச்சிவரை ஏறினார்.

"பாத்தியே, நேர்த்தி வைச்ச மனுசன் பொய் சொல்லுமே?" என்றார் கூட ஏறிவந்த என் அக்கா. எங்கள் ஆட்களுக்கு அது கோயிலில் சத்தியம் பண்ணியதற்குச் சமம். என் சந்தேகமும் அன்று களைத்துப்போனது. சப்பாத்தைக் கொடுக்கத் தேடினேன். காரில் ஏறிப் போய்விட்டிருந்தார். குடியுரிமை கிடைத்த எங்கள் வீட்டு வாக்குகள் எல்லாம் அவருக்கே விழுந்தன.

வென்ற பிறகு கடை பூட்டியது. இப்போது அங்கே உல்லாசப் பயணிகளுக்குக் காந்தப் பொம்மை விற்கிறார்கள். முதல் மாரியிலேயே மகளுக்கு முட்டு வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வியா மக்வேதா தெரு நெடுக மருந்துக்கடை தேடி ஓடினேன். உதடு நீலமாகிவிட்டது. பிள்ளை தப்பிவிட்டாள். அந்த ஓட்டத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். "அம்மா, உந்தச் சப்பாத்தை எறியுங்கோவன்" என்பாள்.

"அவர் வந்து கேக்கட்டும்."

போன கிழமை வந்தார். திரும்பவும் தேர்தல். எங்கள் வழக்கம் தெரிந்தவர், புதுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் பழைய சோடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். தேநீர் குடித்தார். மகளின் மூச்சைப் பற்றி விசாரித்தார்; அதையும் யாரோ காதில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்றே நினைத்தேன்.

புறப்படும்போது வாசலில் குனிந்து பார்த்தார். "நல்ல தோல். உங்கள் கணவருடையதா?"

"இல்லை, நேர்த்திக்கு வந்த ஒருவர் விட்டுவிட்டுப் போனது."

"கட்டாயம் வந்து எடுப்பார்" என்று சொல்லிவிட்டு, தன் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் மற்றச் சோடியை எடுத்து மறுபடி கீழ்த்தட்டில் வைத்தேன்.