ஹெம மாசெம

கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த வருஷம் எனக்கு வெள்ளைபடுதல் தொடங்கியது. மருந்துக்கடையில் பங்கஸ் கிறீம் வாங்கிப் பூசுவேன். சில நாள் அடங்கும், பிறகு திரும்பவும் வரும். நாற்றத்துக்குப் பயந்து பஸ்ஸில் ஒருவர் பக்கத்திலும் இருக்க மாட்டேன்.

கடைசியில் கணவர் ஒரு லேடி டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக் கடைக்குத்தான் போதும். கேள்விகளெல்லாம் கணவரிடமே போயின. எத்தனை தரம் வந்தது என்று அவ கேட்க, இரண்டு தரம் என்று இவர் சொன்னது எனக்கு விளங்கியது. என் உடம்பைப் பற்றி இரண்டு பேர் கதைக்க, நான் நடுவில் இருந்தேன்.

பொறுக்க முடியாமல், "ஹெம மாசெம" என்றேன். ஒவ்வொரு மாதமும்.

"நீர் சும்மா இரும்," என்றார் கணவர்.

டொக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பரிசோதித்து, மாதிரி எடுத்தா. பங்கஸே இல்லை, பக்ரீரியா என்று முடிவு வந்தது. ஒரு கிழமை, ஏழு நாளும், குளிசை விழுங்கினேன், பிறகு சில மாதம் கிழமைக்கு இரண்டு தரம் ஜெல் வைத்தேன். மெல்ல மெல்ல நின்றது.

டொக்டரிடம் போன அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, ஏன் பொய் சொன்னீங்கள் என்று கேட்டேன்.

"அவ எங்களைப் பற்றி என்ன நினைப்பா?" என்றார்.