மாற்றம் சேமிக்கப்பட்டது

எம்.சி.ஏ. முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்த கதை இது. கடையில் புரோகிராம் எழுதுகிறவர்கள் நானும் என்னோடு படித்த தோழியும் மட்டும்தான். ஊரில் இருந்த திருமணத் தகவல் மையம் ஒன்றுக்கு எங்கள் கடை ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தது. அதை எழுதியவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மையத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. கம்ப்யூட்டரில் வரன்களைப் பதிவு செய்ய ஒரு அக்காவை வைத்திருந்தார். அவள் தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். பன்னிரண்டாவது படித்துவிட்டு டைப்பிங் கற்றிருந்தாள். வேகமாகவும் பிழையில்லாமலும் அடிப்பாள். அதிகம் பேசமாட்டாள். சார் அவளிடம் ஏதாவது கேட்டால் திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். அவருக்கு அது பிடிக்காது.

ஒருநாள் சார் போன் செய்து உடனே வரச் சொன்னார். போனபோது சாயல்குடிப் பக்கத்து உப்பளக்காரர் ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. வெப்சைட்டில் பெண்ணின் பெயருக்கு எதிரே ‘நிச்சயமாகிவிட்டது’ என்று மாற்றச் சொல்லி முன்பே வந்து கேட்டிருந்தார். அப்படி மாற்றினால் போட்டோவும் போன் நம்பரும் தானாக மறைந்துவிடும். ஆனால் எதுவும் மறையவில்லை. துபாயில் இருக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் அதை நெட்டில் பார்த்துவிட்டான்.

“எங்க சம்பந்தி வீட்டுல கேக்குறாக, தாயி. இன்னும் நல்ல எடமா வந்தா பாக்கலாம்னு போட்டு வச்சிருக்கீகளான்னு கேக்குறாக,” என்றார். “வீட்டுக்கு வேற யார் யாரோ போன் பண்ணி ஜாதகம் கேக்குறான். பிள்ள போனை எடுக்கவே பயப்படுது.”

அக்கா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள். “இவுக முன்னாலதான் மாத்துனேன். பச்சை எழுத்துல வந்துச்சு. இவுகளும் பாத்தாக.”

“வந்துச்சு தாயி. நானும் பாத்தேன். ஊருக்குப் போயி பஸ்ஸை விட்டு எறங்கல, மறுபடி போன்.”

அந்தப் பச்சை எழுத்து எனக்குத் தெரியும். திருத்தம் செய்து பொத்தானை அழுத்தினால் ‘மாற்றம் சேமிக்கப்பட்டது’ என்று வரும். பிரவுசர் தன்னிடம் இருக்கும் பழைய பக்கத்தையே காட்டுகிறதோ என்று முதலில் நினைத்து, அதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் திறந்தேன். பெண்ணின் போட்டோ சிரித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. தோழிக்குப் போன் செய்து எங்கள் கடையிலிருந்து பார்க்கச் சொன்னேன். அங்கும் அப்படியே. அவளையே மாற்றச் சொன்னேன். அவள் மாற்றியதும் இங்கே போட்டோ மறைந்தது.

உப்பளக்காரர் எழுந்து கும்பிட்டார். அவர் போனதும் சார் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அங்கன இருந்து மாத்துனா மாறுது. இங்கன இருந்து இவ மாத்துனா மாறல. என்னம்மா அர்த்தம்?”

“பாக்குறேன் சார்.”

“புதுசா வரன் சேத்தா மட்டும் ஒழுங்கா ஏறுது. அப்ப நெட்டு நல்லாத்தான இருக்கு? பரமக்குடியில ஒருத்தன் புதுசா மையம் தொறந்திருக்கான். நம்ம பேரைக் கெடுக்க ஆள் புடிச்சிருப்பானோன்னு நெனைக்கிறேன்.” வெளியறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னேனே தவிர, கடைக்கு நடக்கும்போது அதே யோசனைதான். சேர்ப்பது நடக்கிறது, திருத்துவது நடக்கவில்லை. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஒரே பாஸ்வேர்டில், ஒரே சர்வருக்குப் போகின்றன. நடுவில் மனிதர் கை இல்லாமல் இது எப்படிப் பிரிந்து போகும்?

அந்த வாரத்திலேயே இன்னும் சில புகார்கள் வந்தன. நயினார்கோவில் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. வெப்சைட்டில் இன்னமும் பெண் தேடிக்கொண்டிருந்தார். எல்லாம் அக்கா திருத்தியவை; எல்லாவற்றுக்கும் பச்சை எழுத்து வந்ததாகச் சொன்னாள்.

ஒரு மதியம் அவள் சாப்பிடும் நேரத்தில் போனேன். சார் வீட்டுக்குப் போயிருந்தார். அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நாந்தான் பண்றேன்னு சார் சொல்றாகளோ?”

“அப்படி ஒண்ணும் சொல்லலக்கா.”

“நீயும் அப்படித்தான் நெனைக்கிற. மூஞ்சியிலயே தெரியுது.” வாசல் பக்கம் கையைக் காட்டினாள். “வாசல் போர்டைப் பாத்தியா? ஆயிரக்கணக்கில் வரன்கள்னு எழுதிப் போட்டிருக்காக. நான் ஒவ்வொண்ணா எடுத்தா எண்ணிக்கை கொறையுமா கொறையாதா? சார் வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருக்கு. பாஸ்வேர்டும் அவுககிட்ட இருக்கு. நான் மாத்துறதை அவுக திருப்பி மாத்துறாக. மாதா சத்தியமா எனக்கு அப்படித்தான் தோணுது.”

அதுவும் நடக்கக்கூடியதாகவே தோன்றியது. அன்று மாலை சாரைப் பார்த்தபோது, அவர் சட்டைப்பையில் பேனாவைச் செருகுவதுகூட எனக்கு எதையோ மறைப்பதுபோல் இருந்தது. அவரோ என்னையே கேட்டார். “உங்க கடையில எத்தனை பேருக்கும்மா இந்த பாஸ்வேர்டு தெரியும்? பெங்களூரு போனானே, அவனுக்குத் தெரியுமா?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தோம். இதற்கு ஒரு முடிவு கட்ட ஒரே வழி, எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் செய்து பார்ப்பது என்று தோன்றியது.

மறுநாள் காலையில் சாரை அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருந்தது. ஆனால் அதற்கு என்னென்ன வந்து சேருகிறது என்பதை எங்கள் கடையிலிருந்து உடனுக்குடன் பார்க்க முடியும். தோழியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

“அக்கா, புதுசா ஒரு பேரைச் சேருங்க. சும்மா ஏதாச்சும்.”

அவள் சேர்த்தாள்.

“வந்துச்சு,” என்றாள் தோழி.

“இப்ப அதையே திருத்துங்க. ஊரு பேரை மாத்துங்க.”

அக்கா எங்கள் கண் முன்னால் அழித்து, வேறு ஊரை அடித்து, பொத்தானை அழுத்தினாள். பச்சை எழுத்து வந்தது.

“வந்துச்சா?”

“வரல.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்குறேன். வரவே இல்லடி. தப்பா வந்து சர்வர் திருப்பி அனுப்பலை. அங்கன இருந்து ஒண்ணுமே வரல.”

நான் அக்காவை எழுப்பிவிட்டு அதே திருத்தத்தை என் கையால் செய்தேன். பச்சை எழுத்து வந்தது. தோழி வரவில்லை என்றாள். சார் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; அவர் எதையும் திருப்பி மாற்றியிருக்க முடியாது. சர்வருக்குப் போய்ச் சேராத ஒன்றைத் திருப்பி மாற்ற என்ன இருக்கிறது?

அக்கா சாரைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பச்சை எழுத்து எங்கிருந்து வருகிறது என்று புரோகிராமில் தேடினேன். பொத்தானை அழுத்தி அனுப்பியவுடனேயே அதைக் காட்டிவிடும்படி எழுதியிருந்தது. சர்வர் என்ன பதில் சொல்கிறது, பதில் வந்ததா என்று பார்க்கவே இல்லை. தபாலைப் பெட்டியில் போட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி. அவ்வளவு நாளும் அந்த எழுத்தை நம்பித்தான் அக்கா சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

இன்னொன்றும் தெரிந்தது. பிரவுசர் சர்வரிடம் பேசுவதற்குச் சில ஏவல்கள் உண்டு. ‘காட்டு’ என்று ஒன்று, ‘புதிதாக வாங்கிக்கொள்’ என்று ஒன்று, ‘இருப்பதை மாற்று’ என்று ஒன்று. அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் முதல் இரண்டை வைத்துக்கொண்டே எல்லா வேலையையும் ஓட்டிவிடுவார்கள். பெங்களூர் போனவர் மாற்றுவதற்கு மட்டும் அந்த மூன்றாவது ஏவலைப் பயன்படுத்தியிருந்தார். அது தப்பில்லை. எங்கள் கடையிலிருந்து அது நன்றாகவே போனது. இங்கிருந்து போகிற வழியில்தான் யாரோ அதை நிறுத்துகிறார்கள்.

என் லேப்டாப்பை எடுத்து, செல்போன் வழியாக நெட்டில் இணைத்து, அதே மேஜையில் வைத்துத் திருத்தினேன்.

“வந்துச்சு,” என்றாள் தோழி.

மிச்சம் இருந்தது மையத்தின் பிராட்பேண்ட் இணைப்பு மட்டும்தான். கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். மோடம் ஜன்னலோரத்தில் கண்ணெதிரே இருந்தது. வயர் அதற்குப் போகவில்லை. சுவரோரமாக ஓடி, உள்ளறைக் கதவின் அடியில் நுழைந்தது.

“சார், இது எங்க போகுது?”

“அது பழைய வயரும்மா.”

“இல்ல சார், கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கு.”

அவர் எழுந்து வருவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். அவருடைய மேஜைக்கு அடியில், துண்டு போட்டு மூடி, ஒரு சிபியு. மானிட்டர் இல்லை. தொட்டால் சூடாக இருந்தது, காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வயர் அதற்குள் போய், இன்னொரு வயராக வெளியே வந்து மோடத்துக்குத் திரும்பியது.

“சார், இது என்ன?”

அவர் வாசலைப் பார்த்தார். அக்கா அங்கே வந்து நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“மதுரையில இருந்து ஒருத்தர் வந்து மாட்டிக்குடுத்தாரு. என்னென்ன பாக்குறாக, எங்க அனுப்புறாகன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. நம்மகிட்ட நூத்துக்கணக்கான பொண்ணுக போட்டோ இருக்கும்மா. வெளியில போச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“எப்ப மாட்டுனது?”

“போன மாசம்.”

போன மாதத்திலிருந்துதான் திருத்தங்கள் நின்றுபோயிருந்தன. மதுரைக்காரரைப் போனில் பிடித்தேன். பாதுகாப்புக்காக ‘காட்டு’, ‘வாங்கிக்கொள்’ இரண்டை மட்டும் அனுமதித்து மற்ற எல்லா ஏவல்களையும் அடைத்துவைத்ததாக அவர் சாதாரணமாகச் சொன்னார். அடைத்ததை எப்படித் திறப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். திறந்த மறுநிமிடமே அக்காவின் திருத்தம் போய்ச் சேர்ந்தது. போனில் தோழி சிரித்தாள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

அக்கா உள்ளே வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

“என்னையவா சார் பாத்தீக?”

“உன்னையன்னு இல்லம்மா. பொதுவா.”

“இங்கன வேற யாரு சார் இருக்கா?”

அவர் குனிந்து பெட்டி மேல் துண்டை இழுத்து விட்டார்.

“பாத்ததுல என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“இல்லைன்னு தெரிஞ்ச பெறகும் எடுக்கலையே சார்,” என்றாள். குரல் உயரவில்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, ஒரு மாதமாகப் போய்ச் சேராத திருத்தங்களை எல்லாம் திரும்ப அடிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். மாற்றுவதையும் எந்தப் பெட்டியும் தடுக்காத இரண்டாவது ஏவலின் வழியே போகும்படி செய்தேன். சர்வரிடமிருந்து பதில் வந்த பிறகே பச்சை எழுத்து வரும். இல்லாவிட்டால் சிவப்பில் ‘சேரவில்லை’ என்று வரும். அதை அவளிடம் விளக்கினேன். தலையை ஆட்டினாள். ஆனாலும் அன்று முதல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எங்கள் கடைக்குப் போன் செய்தாள். “அங்கன வந்துச்சா, பாரு பிள்ள.” வந்துவிட்டது என்று நானோ தோழியோ சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள்.

உப்பளக்காரர் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்தார். சார் என்னையும் வரச் சொல்லியிருந்தார். நடந்ததை எனக்குத் தெரிந்த மட்டும் எளிமையாகச் சொன்னேன். தாய்மாமன் கடைசிவரை கேட்டுவிட்டு, “எல்லாப் பழியையும் பெட்டி மேல போட்டுட்டீக. அது வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லவா போகுது?” என்றார்.

உப்பளக்காரரின் முகம் கறுத்தது. அப்போது அக்கா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள்.

“அண்ணாச்சி, இவுக அன்னைக்கு எனக்கு முன்னால உக்காந்து, பிள்ள பேரை எடுத்துருங்கன்னு கேட்டது உண்மை. எடுத்தாச்சுன்னு நான் சொன்னதும் உண்மை. இவுக எங்களை நம்பிப் போனாக. தப்பு இங்கனதான். பிள்ளையச் சந்தேகப்படாதீக.”

தாய்மாமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எந்த ஊரும்மா?”

“தங்கச்சிமடம்.”

உப்பளக்காரருக்குச் சொந்தக்காரி இல்லை என்று தெரிந்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. கிளம்பிவிட்டார். கல்யாணம் நடந்தது. ஆனால் துபாயிலிருந்து யாராவது இன்னமும் வெப்சைட்டைத் திறந்து பார்த்தபடியே இருக்கிறார்கள் என்று உப்பளக்காரர் பத்திரிகை வைக்க வந்தபோது சொன்னார். அக்காவுக்கும் ஒரு பத்திரிகை கொண்டுவந்திருந்தார்.

அவள் அதற்குள் வேலையை விட்டிருந்தாள். சண்டை எதுவும் போடவில்லை. பாக்கி இருந்த திருத்தங்களை முடித்தாள். பாம்பன் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்திருப்பதாகச் சாரிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் கடைக்கும் வந்து சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ தொடங்கியதும், “விடு பிள்ள. நானும் அவுகளைச் சந்தேகப்பட்டேன்ல,” என்றாள். தோழி வாங்கிவந்த டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் இடத்துக்கு ஊரிலிருந்தே வேறொரு பெண் வந்தாள். சில நாள் கழித்துச் சார் போன் செய்தார். பெட்டியை எடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, “ஏம்மா, இந்தப் பொண்ணு இங்கன என்ன பண்ணுதுன்னு உங்க கடையில இருந்தே பாத்துக்கிற முடியுமா?” என்று கேட்டார்.

முடியும். நான் முடியாது சார் என்று சொல்லிவிட்டேன்.