பிரிந்த இரண்டு கம்பெனிகளும் ஒரு டேப் டிரைவும்: சிவகாசியில் இரண்டு நாள்

ஆடி பதினெட்டு முடிந்த அடுத்த வாரம் சிவகாசிக்குப் போனேன். சுற்றிப் பார்க்க இல்லை. நான் பராமரிக்கும் ஒரு சர்வரில் டிஸ்க் போய்விட்டது. என்னைப் போல வேலையாகப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில். காலையில் விருதுநகரில் இறங்கி, பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். முக்கால் மணி நேரம் என்றார் கண்டக்டர். திருத்தங்கலில் காகித ரோல் ஏற்றிய லாரிகள் வழியை அடைத்து நின்றதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காலண்டர் ஆர்டர் குவியும் சீசன், பட்டாசு லோடு கிளம்பும் சீசன், இரண்டும் ஒன்றாக வரும் மாதம் அது.

போன இடம் ஓர் அச்சகம். அண்ணன், தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய தொழிலை இரண்டு வருடத்துக்கு முன் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அச்சகம் அண்ணனுக்கு, எம். புதுப்பட்டியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனி தம்பிக்கு. சர்வர் மட்டும் ஒன்றுதான். அது அச்சகக் கட்டடத்தில் இருக்கிறது. உள்ளுக்குள் அதை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி டிஸ்க், தனி நினைவகம். இரண்டும் தனித்தனி கம்ப்யூட்டர் போலவே வேலை செய்யும். ஆனால் பேக்கப் எடுக்கும் டேப் டிரைவ் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு பார்ட்டிஷன்தான் அதை வைத்திருக்க முடியும். ஒன்று விட்டால்தான் மற்றது எடுக்கும்.

பழுதானது பட்டாசுக் கம்பெனியின் டிஸ்க். ஒரே தகவலை இரண்டிலும் எழுதும் ஜோடியில் ஒன்று செத்துவிட்டது. மற்றதிலும் பிழைச் செய்திகள் வர ஆரம்பித்திருந்தன. புது டிஸ்க்குகள் பார்சலில் மறுநாள்தான் வரும். அதற்குள் முழு பேக்கப் ஒன்று எடுத்தாக வேண்டும். கடைசி பேக்கப் எப்போது என்று பார்த்தால், இரண்டு மாதமாக ஒன்றுமே இல்லை.

அச்சகத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர் மாரீஸ்வரி. காரணத்தை அவரிடம் கேட்டேன்.

“நாந்தான் மேடம் டிரைவ விடாம வச்சிருக்கேன்” என்றார், மறைக்காமல். “ஒரு தடவ குடுத்தேன். மறுநா வரைக்கும் திரும்ப வரல. எங்க மாசக் கடைசி பேக்கப்பு நின்னுபோச்சு. பெரிய முதலாளி சத்தம் போட்டாக. அந்தப் பக்கத்து ஆளுககிட்டப் போன்லகூடப் பேசக்கூடாதுன்னுட்டாக.”

சர்வரைக் கட்டுப்படுத்தும் கன்சோல் திரையிலிருந்தே டிரைவைப் பிடுங்கி அந்தப் பக்கம் கொடுக்க என்னால் முடியும். ஆனால் அப்போது அச்சகத்தின் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பிடுங்கினால் அதுவும் பாழாகும். தவிர, டிரைவ் அண்ணனின் காசில் வாங்கியது. கேட்காமல் எடுப்பது சரியில்லை என்று பட்டது. அவருடைய அறைக்குப் போனேன். காலண்டர் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா, சாப்ட்டீகளா?” என்றவரின் முகம், விஷயத்தைச் சொன்னதும் மாறியது. “டிரைவு நான் வாங்குனது. அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்? குடுக்கலேன்னா எனக்கு என்ன நட்டம்?”

சர்வர் முழுக்க நின்றுவிடும் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் உடனே சம்மதித்திருப்பார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால், “உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார். போனா அவங்களோடதுதான் போகும்” என்றேன்.

“எம்புட்டுப் போகும்?”

“மொத்தமும். ஆர்டர், அனுப்பின லோடு, வேலைக்கு வர்றவங்களோட வருகைப் பதிவு, பி.எஃப். விவரம்.”

ஆல்பத்தை மூடிவைத்தார். “அங்கன இருக்கவுகள்ல பாதிப் பேர வேலைக்குச் சேத்ததே நாந்தான்” என்றார். பிறகு போனை எடுத்து, “மாரீஸ்வரி, ஒன் வேல முடிஞ்சதும் அங்கிட்டுக் குடுத்துரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புதுப்பட்டி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் சிக்கந்தர். மதியத்துக்குச் சற்று முன், மாரீஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

“தம்பி, நான் மாரீஸ்வரிக்கா. டிரைவ விட்டுட்டேன், எடுத்துக்கோங்க.”

அந்தப் பக்கம் சிக்கந்தர் குரல் உயர்ந்தது. “அக்காவா! நல்லாருக்கீகளா? எடுத்துப் பாக்கேன்... இல்லக்கா, வரலையே.”

டிரைவை மட்டும் விட்டால் போதாது. சர்வருக்குள் அதை இணைக்கும் கார்டும் இன்னும் அச்சகத்தின் பெயரில்தான் இருந்தது. கன்சோலில் அந்த கார்டை அங்கிருந்து எடுத்துப் பட்டாசுப் பார்ட்டிஷனுக்குக் கொடுத்தேன்.

“வந்துருச்சுக்கா!” என்று சிக்கந்தர் கத்தியது வராந்தா வரை கேட்டது.

பேக்கப் முடியச் சாயங்காலம் ஆனது. நடுவில் டிஸ்க் இரண்டு முறை திணறியது. இரண்டு முறையும் மாரீஸ்வரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். முடிந்ததும் ஒரு டேப்பில் இன்னொரு பிரதி எடுத்து, புதுப்பட்டிக்கு நானே கொண்டுபோனேன். டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரமும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பட்டாசு மருந்து இருக்கும் இடம் என்பதால், கம்பெனி வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள்.

தம்பி டேப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, “அண்ணன் என்ன சொன்னாக?” என்றார்.

“குடுத்துருன்னு சொன்னார்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

தலையை ஆட்டிவிட்டு, டேப்பைத் தானே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை, பார்சல் வருவதற்குள் மிச்சமிருந்த டிஸ்க்கும் செத்துவிட்டது. பட்டாசுப் பார்ட்டிஷன் நின்றது. புது டிஸ்க்குகளைப் போட்டு, டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கும் அதே டிரைவ்தான் வேண்டும். அது திரும்ப அச்சகத்திடம் போயிருந்தது. நான் முதலாளி அறைக்குக் கிளம்பினேன். “இருங்க மேடம், நான் அப்பவே விட்டுட்டேன். கார்ட நீங்க மாத்திவிடுங்க” என்றார் மாரீஸ்வரி. சிக்கந்தருக்கும் அதற்குள் போன் போட்டிருந்தார்.

ஏற்றும் வேலை பாதியில் இருக்கும்போது பெரிய முதலாளி அறைக்குள் வந்தார். டிரைவில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

“யாருக்கு ஓடுது?”

மாரீஸ்வரி எழுந்து நின்றார். “சின்ன முதலாளிக்குங்க. நம்ம பேக்கப்பு இன்னைக்குத் தள்ளிப்போகும்.”

அவர் விளக்கையே பார்த்தார். “முடியட்டும்” என்றார். போகிற போக்கில், “எனக்கும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லு அவன” என்றார். யாரை என்று நாங்கள் கேட்கவில்லை. பிற்பகலில் அவர் அறையில் போன் அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்.

அன்று மாலைக்குள் பட்டாசுக் கம்பெனியின் பார்ட்டிஷன் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசி சில மணி நேரப் பதிவுகளை மட்டும் சிக்கந்தர் மறுபடி தட்டச்சு செய்தார்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரு டிரைவை இரண்டு பார்ட்டிஷன் பகிர்ந்துகொண்டால், பேக்கப் முடிந்ததும் டிரைவைத் தானாகவே விட்டுவிடும்படி புரோகிராம் எழுதிவையுங்கள். இப்போது அங்கே அப்படித்தான் ஓடுகிறது. கார்டை மறக்காதீர்கள். எடுத்த டேப்பிலிருந்து திரும்ப ஏற்ற முடிகிறதா என்று நல்ல நாளிலேயே பார்த்துவிடுங்கள். சீசனில் சிவகாசியில் அறை கிடைப்பது கஷ்டம், விருதுநகரில் தங்கினால் நிம்மதி. ராத்திரிக்கு எண்ணெய் பரோட்டாவும் கிடைக்கும். முக்கியமாக, இரண்டு பக்கமும் வேலை பார்ப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாமா என்று முதலில் விசாரியுங்கள். பேசக்கூடாது என்றால், கன்சோலைத் தொடும் முன் அந்தச் சிக்கலை அவிழ்க்கப் பாருங்கள். எனக்கு வேலை தொடங்கியதே அது அவிழ்ந்த பிறகுதான்.