அத்தை பாட்டுக் கேட்ட ரேடியோ

பழைய சாமான் கடையில் நேற்று ஒரு ரேடியோ பெட்டியின் மரக்கதவைத் திறந்தேன். வார்னிஷும் தூசியும் கலந்த அந்த வாசனையில் ராஜம் அத்தை வந்து நின்றாள்.

அப்பாவின் தங்கை அவள். திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் உயிர் பிழைத்தாள், காது இரண்டும் போய்விட்டன. ஆனாலும் சாயங்காலம் அப்பா, என் உயரத்துக்கு நின்ற எங்கள் ரேடியோவைத் திருகி, வால்வு சூடேறிப் பாட்டு கிளம்பியதும், அத்தை அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அதன் பக்கப்பலகையில் கன்னத்தைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். மரம் அதிர்வதை வைத்தே, "இப்ப மேளம் அடிக்காக, இப்ப பொம்பள பாடுதா" என்று எனக்குச் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு அப்பா கையடக்க டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். இடத்தை அடைக்கிறதென்று பெட்டி ரேடியோவை யாருக்கோ கொடுத்துவிட்டார். மறுநாள் அத்தை டிரான்சிஸ்டரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், நெஞ்சில் அழுத்திப் பார்த்தாள். அதன் மெல்லிய நடுக்கம் அவளுக்கு எட்டவில்லை.

"பாடுதா தாயி?"

பாடிக்கொண்டுதான் இருந்தது. நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"ரிப்பேரு போல. அண்ணன் வந்ததும் சொல்லு" என்று அதை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அத்தையும் திரும்பக் கேட்கவில்லை.