பதினாலு நாள் அக்கா

"வீட்டை விட்டு வெளியவே போகலைங்க" என்று போனின் மறுமுனையில் சொன்னதும் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். அப்போதுதான் பின்னணிச் சத்தம் நன்றாகக் காதில் விழுமாம்.

"ஐயா, பஸ் ஹாரன் கேக்குதே?"

"அது டிவிங்க."

"டிவியில கண்டக்டர் உங்ககிட்டயா சில்லறை கேக்குறாரு?"

பெருந்தொற்று யாருக்கு, எப்படி ஒட்டுகிறது, தடுப்பூசி எவ்வளவு காக்கிறது என்று ஆராய்வது எங்கள் பிரிவின் வேலை. சோதனை செய்துகொண்டவர்களில், தொற்று இருந்தவர், இல்லாதவர் இருவரிடமும் அக்காவும் நானும் போனில் கேட்பது அதே நாற்பத்திரண்டு கேள்விகள். 'கடந்த பதினான்கு நாட்களில்' என்றே பாதிக் கேள்விகள் தொடங்குவதால் அவருக்குப் 'பதினாலு நாள் அக்கா' என்று பெயர். கேள்வியில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. அக்கா மாற்றவும் மாட்டார்.

"கேட்டுட்டு வாயை மூடிக்கணும்டி. மிச்சத்தை அவங்களே கொட்டிடுவாங்க."

கொட்டத்தான் செய்தார்கள். தனியாகவே இருந்தேன் என்று சத்தியம் செய்த ஒருவர், அரை நிமிட மௌனத்தில் மைத்துனன் வீட்டு விருந்தையும், அங்கே தான் பாடிய மூன்று பாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் ஊசி போட்டதாகச் சொன்ன தேதியில் மருந்து ஊருக்கே வந்து சேரவில்லை.

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டீங்களே! கார்டை எடுத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

போனால் போகிறது, எழுதிக்கொள்ளலாமே என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போடாதவன் போட்டேன்னு சொல்லிட்டுப் படுத்தா, நல்ல மருந்துக்குத்தான்டி கெட்ட பேரு."

போன மாதம் அக்காவுக்கே தொற்று உறுதியானது. இரண்டு ஊசியும் போட்டிருந்ததால் காய்ச்சலோடு போயிற்று. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வீட்டார் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: காய்கறிக் கடைக்குப் போய்வரும் நாத்தனார்தான் கொண்டுவந்திருக்கிறாள். கூடப் பிறந்த அண்ணனான அக்காவின் கணவரே அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவும் உள்ளிருந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்.

என் பட்டியலில் அக்காவின் எண் வந்தது.

"உங்களை விட்டுடலாமாக்கா?"

"அதெப்படி? படி."

இருபத்துமூன்றாவது கேள்வியைப் படித்தேன். "கடந்த பதினான்கு நாட்களில், மூடிய அறையில் முகக்கவசம் இல்லாமல் பிறருடன் இருந்தீர்களா?"

சத்தமே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம்.

"பார்லர்டி" என்று கிசுகிசுத்தார். "தலைக்கு டை. நாற்பது நிமிஷம். அந்தப் பொண்ணு இருமிக்கிட்டே இருந்தா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்தேன். அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. அழுது அடைத்த குரல்.

"அண்ணி, சாப்பாடு வெளியே வெச்சிருக்கேன். நான் எதையும் கையால தொடலை. கரண்டியாலதான் போட்டேன்."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. அக்காவின் கட்டில் கிரீச்சிட்டது.

"போகாதே, அங்கேயே நில்லு. உங்க அண்ணனையும் கூப்பிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதவோரம் வைத்தார்.

"இருபத்திமூணை இன்னொரு தடவை படிடி. சத்தமா."