‘பு’ என்ற ஓர் எழுத்துக்காக நின்ற செல்வராணி

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கைப்பேசியில் செல்வராணியின் பெயர் தெரிந்தது. “சொல்லுங்க ராணி, ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டீங்களா?” என்றேன். பேசியது அவர் தம்பி முருகன். “சார், அக்கா விடியக்காலம் போயிருச்சு. சாந்தன்பாறைக்குக் கொண்டுவந்துட்டோம்.” ஒரு வருடமாகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துவந்தார். எதிர்பார்த்ததுதான். “வர்றேனுங்க” என்றேன்.

பாலக்காட்டில் எங்கள் சிறிய நிறுவனத்தில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த மேசைகளில் பல வருடங்கள் வேலை பார்த்தோம். கைப்பேசியில் பேசும் குரலைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். குரலை அடுக்கடுக்காகப் பிரிப்போம். பேச்சு புரிவதற்கு வேண்டியது அடி அடுக்கில் இருக்கும். குரலின் தெளிவும் இனிமையும் மேல் அடுக்குகளில். சிக்னல் குறையக் குறைய மேல் அடுக்குகள் ஒவ்வொன்றாக விழும். மோசமான இடத்தில் அடி அடுக்கு மட்டுமே போய்ச் சேரும். அந்த அடி அடுக்கை எழுதியவன் நான். அதைச் சோதிக்கும் பொறுப்பு செல்வராணியுடையது.

மலை எஸ்டேட்டுகளில் இருப்பவர்கள் அவசரத்துக்கு ஒரு நர்ஸைக் கூப்பிட்டுப் பேசுவதற்கான தொலைபேசி உதவி வேலை எங்களிடம் வந்தது. ஒப்படைப்பதற்கு முன் ஒத்திகை பார்த்தோம். செல்வராணி தன் மலை ஊரான சாந்தன்பாறையில் ரேஞ்ச் குறைவான ஒரு வளைவில் நின்று கூப்பிட்டார். நான் பாலக்காட்டில் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “கொழந்தைக்கு வலிப்பு” என்று அவர் சொன்னார். நர்ஸ் கேட்டார்: “எங்க வலிக்குது? வயித்துலயா?” நர்ஸின் கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன். ராணி இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் அதே கேள்விதான்.

திரும்பி வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

“அண்ணே, ‘பு’ விழுந்துருது. ‘வலி’ன்னு சொல்லிட்டு உதட்ட மூடுறோம்ல, அந்த எடத்துல பேச்சு முடிஞ்சிருச்சுன்னு நம்ம சாப்ட்வேர் முடிவு பண்ணிருது. அப்புறம் சன்னமா வர்ற ‘பு’வ இரைச்சல்னு தள்ளிருது.”

“எல்லாரும் அப்படிச் சன்னமாவா சொல்றாங்க?”

“குற்றியலுகரம் அண்ணே. ஸ்கூல்ல படிக்கலையா?”

படிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, மலையாளத்தில் படித்தவன் நான். அவர் எஸ்டேட் பள்ளியில் தமிழில் படித்தவர்.

‘பு’வைக் காப்பாற்ற வேண்டுமானால் அடி அடுக்கிலும் குரலின் வழவழப்புக்கென்று ஒதுக்கிய இடத்திலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும். எல்லார் குரலும் கரகரக்கும். கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: “டெஸ்ட்ல மார்க்கெல்லாம் நல்லா வந்திருக்கு. ஒரு வார்த்தைக்காக மொத்தக் குரலையும் கெடுக்கணுமா?” பிறகு என்னைப் பார்த்தார். ராணி சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அடி அடுக்கு என்னுடையது. “இப்போதைக்கு இது போதுமுங்க” என்றேன்.

ராணி என் பக்கம் திரும்பவில்லை. மேலாளரிடம் சொன்னார்: “சோதனை அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். அந்த நம்பருக்குக் கூப்புடப் போறது எங்க எஸ்டேட் லயத்து ஆளுங்க.” வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டும் குழுவிலிருந்து அன்றே அவரை எடுத்துவிட்டார்கள்.

அவர் விடுப்பு எடுத்து ஊருக்குப் போனார். ஏலக்காய் எடுக்கும் பெண்களின் பேச்சைப் பதிவுசெய்து கொண்டுவந்தார். அதைச் சிக்னல் குறைந்த நிலையில் ஓட்டி, அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, காதில் விழுந்ததை எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். முடிந்ததும் அசல் வாக்கியங்களை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். ‘வலிப்பு’ இருந்த இடங்களிலெல்லாம் ‘வலி’ என்று எழுதியிருந்தேன். குறை என்ன என்று தெரிந்திருந்தும் சந்தேகமே இல்லாமல் எழுதியிருந்தேன். “உங்க கையெழுத்துதானண்ணே” என்றார்.

அன்று மதியமே மேலாளரிடம் போய், “தப்பு அடி அடுக்குலதானுங்க. நான் பண்ணுனது” என்றேன். ஒப்படைப்பு தள்ளிப்போனது. வாடிக்கையாளர் சத்தம் போட்டார். ராணியும் நானும் உட்கார்ந்து திருத்தி எழுதினோம். எந்த இடத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்தது அவர்தான். குரல் கரகரத்தது.

அடுத்த ஒத்திகைக்கு நானும் சாந்தன்பாறைக்குப் போனேன். ராணி அதே வளைவில் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னார். “எத்தன நேரமா வலிப்பு? கொழந்தைய ஒருக்களிச்சுப் படுக்க வைங்க” என்றார் நர்ஸ். ராணி கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு எதிர்க் கடையில் இரண்டு டீ சொன்னார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

சாவு வீட்டுக்கு, ராணி பேச்சைப் பதிவுசெய்த அந்தப் பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். பாக்கியம் என்ற அம்மா என்னிடம் சொன்னார்: “ஒரே வார்த்தைய எத்தன தடவ சொல்லச் சொன்னா! மெதுவாச் சொல்லட்டுமா பாப்பான்னு கேட்டேன். மெதுவா வேண்டாம் அத்தை, பதறிப்போயிச் சொல்ற மாதிரி சொல்லுங்கன்னா.” முருகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா அங்க என்ன வேலதான் சார் பாத்துச்சு?” என்று கேட்டார். மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். “எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே” என்றார்.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அடி அடுக்கு இதுவரை என் பெயரில்தான் இருந்தது. பாராட்டும் எனக்குத்தான் கிடைத்தது. செல்வராணி ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை. அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டியதைப் போன வாரம் செய்தேன். அடி அடுக்கின் ஆவணத்தில் இப்போது அவர் பெயர் முதலில் இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பதில். இரண்டாவது ஒத்திகை முடிந்து, மூணாறு வழியாக உடுமலைக்கு இறங்கும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தோம். மறையூர் தாண்டிய பிறகு தைரியம் வந்து சொன்னேன்: “அன்னைக்கு மீட்டிங்ல நான் பேசியிருக்கோணுமுங்க ராணி.”

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“ஆமாண்ணே, பேசியிருக்கணும்” என்றார். பிறகு பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, உரித்து, பாதியை என் கையில் வைத்தார்.