சர்வருக்கு வைத்த அழைப்பு

தாண்டவராயனைப் போல மரியாதை பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை. அந்த மரியாதையில் இடி விழ. முதுநகர்ப் பக்கத்து மீனவக் குடும்பம். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்குப் பக்கத்து சீட். "டிஸ்க் நிறைகிறது", "பேக்கப் முடிந்தது" என்று சர்வர் தானாகவே ஆபீசுக்குள் மெயில் அனுப்பும். படித்துவிட்டு அழித்தால் போதும். இவன் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, பாத்துக்கிறேன்" என்று பதில் போடுவான். அந்த முகவரியில் ஆளே இல்லை என்று மெயில் சிஸ்டம் அதைத் திருப்பி அனுப்பும். கேட்டால், "கூப்ட்டா ஏன்னு கேக்க வேணாமா மச்சான்?" என்பான்.

2009-இல் சிதம்பரத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம். லீவில் போகும்முன், வருகிற மெயிலுக்கெல்லாம் தானாகப் பதில் போகும்படி செய்துவைத்தான்: "எனக்கு நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு அவசியம் வரவும்."

பெண் வீட்டில் தட்டு மாற்ற எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. அவனுடைய தாய்மாமன் அய்யனார் மட்டும் எதிர் டீக்கடையை விட்டு அசையவில்லை. தன்னைப் போனில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்களாம், நேரில் வந்து தாம்பூலம் வைக்கவில்லையாம். அவர் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. ராகுகாலம் வேறு நெருங்குகிறது. பெண்ணின் அப்பா, "இன்னொரு நாள் பாத்துக்கலாங்க" என்று இழுக்க ஆரம்பித்துவிட்டார். தாண்டவராயன் பட்டுவேட்டியோடு ஓடிப்போய் மாமா முன்னால் நின்றான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் சுப்பிரமணியன் போன் செய்தார். அவர் கத்தியது டீக்கடை முழுக்கக் கேட்டது.

"யோவ், சர்வர் படுத்துடுச்சு. அது ஒரு மெயில் அனுப்பிருக்கு, நிச்சயதார்த்தத்துக்கு வான்னு உன் பதில் போயிருக்கு. ஆள் இல்லன்னு திரும்பி வந்ததுக்கும் வான்னு போயிருக்கு. காலையிலேருந்து இதே கூத்து. டிஸ்க் பூரா உன் அழைப்புதான்யா."

பதில் போவதை நிறுத்தும் வழியைச் சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். மாமா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"யார்றா அது, நீ அத்தினி தடவ கூப்ட்டது?"

"ஆபீஸ் சர்வர் மாமா. மிஷினு."

"மிஷினுக்கு ஆயிரம் தடவ. எனக்கு ஒண்ணு."

தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டான். சம்பந்தம் இத்தோடு போச்சு என்று நினைத்தேன்.

"வந்துச்சா அது?"

"வரல மாமா."

"அத்தினி தடவ கூப்ட்டும் வரல?"

"ஆமா மாமா."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "என்னா திமிரு பாத்தியா அதுக்கு. ஒரு தடவ கூப்ட்டதுக்கே மாமன் வந்துட்டான்னு எழுதிப் போடு."

ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாறியது. திங்கட்கிழமை தாண்டவராயன் அப்படியே சர்வருக்கு எழுதியும் போட்டான். அது திரும்பி வந்ததை மட்டும் மாமாவிடம் நாங்கள் சொல்லவில்லை.